மிட்-செஞ்சுரி என்றால் எந்தக் காலம், எந்தப் பாணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மரச்சாமான் விற்பவர் இந்தச் சொல்லைச் சொன்னால் 1950கள். காலநிலை அறிக்கையில் வந்தால் 2050. வரலாற்று நூலில் வந்தால், இரண்டு வரி மேலே போய் எந்த நூற்றாண்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். ஒரே சொல்லை மூன்று கூட்டத்தார் மூன்று விதமாகப் புழங்குகிறார்கள். மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும்போது இதனால் வரும் குழப்பத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன்.

மிட்-செஞ்சுரி என்பதன் நேரடிப் பொருள் என்ன?

நூற்றாண்டின் நடுப்பகுதி. அவ்வளவுதான். சொல்லுக்குள் எந்த நூற்றாண்டு என்ற குறிப்பு கிடையாது, எந்தப் பாணியும் கிடையாது. மற்றதெல்லாம் புழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?

இருபதாம் நூற்றாண்டு 1901 ஜனவரி 1இல் தொடங்கி 2000 டிசம்பர் 31இல் முடிகிறது. கணக்குப்படி அதன் சரிபாதி 1950ஆம் ஆண்டு முடியும் நொடி. ஆனால் யாரும் அப்படிக் கத்தி வைத்து வெட்டுவதில்லை. பொதுப் பேச்சில் 1940களின் நடுவிலிருந்து 1960கள் வரைக்கும் இந்தச் சொல் நீளும்.

வடிவமைப்புத் துறையில் பெரும்பாலோர் 1945இல், அதாவது இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டில், தொடங்கி 1960களின் இறுதியில் நிறுத்துகிறார்கள். 1930களிலேயே தொடங்குபவர்களும் உண்டு. ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளி 1933இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தலைவர்களில் வால்டர் குரோப்பியஸ் 1937இல் ஹார்வர்டுக்குப் போனார். மீஸ் வான் டெர் ரோ அடுத்த ஆண்டு சிகாகோ போய்ச் சேர்ந்தார். வேர் அங்கே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வேரைக் காட்டுவது சரிதான். ஆனால் வேரையும் மரத்தையும் ஒரே பெயரால் அழைத்தால் பெயருக்கு வேலை இல்லாமல் போகும். எனவே நான் 1945 என்ற தொடக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

வரலாற்று நூலில் "மிட்-நைன்டீன்த் செஞ்சுரி" என்று வந்தால்?

அது 1850ஐ ஒட்டிய காலம், 1950 அல்ல. ஐரோப்பாவெங்கும் புரட்சிகள் வெடித்த 1848, லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்த 1851 எல்லாம் இதில் அடங்கும். பத்தொன்பது என்ற எண்ணைக் கண்டதும் 1900களை நினைப்பது அடிக்கடி நேரும் தவறு. நூற்றாண்டு எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றால் 1800கள், பதினேழாம் நூற்றாண்டு என்றால் 1600கள்.

காலநிலை அறிக்கைகளில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?

2050ஐ, அல்லது அதை ஒட்டிய ஆண்டுகளை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட முடிவு ஆவணமே, நாடுகள் தங்கள் "மிட்-செஞ்சுரி" உமிழ்வுக் குறைப்பு உத்திகளை 2020க்குள் தெரிவிக்கும்படி அழைத்தது. ஐ.நா.வின் காலநிலைக் குழு, ஐபிசிசி, தன் ஆறாவது மதிப்பீட்டில் 2041 முதல் 2060 வரையான இருபது ஆண்டுகளை இடைக்காலம் என்று தனியாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. "மிட்-செஞ்சுரிக்குள் நிகரப் பூச்சியம்" என்று செய்தியில் வந்தால் 2050 என்றே படிக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு மொழிபெயர்ப்பில், கடல்மட்டம் பற்றிய வாக்கியம் "சென்ற நூற்றாண்டின் மத்தியில்" என்று மாறியிருந்தது. மொழிபெயர்த்தவருக்கு அந்தச் சொல் மரச்சாமான் உலகிலிருந்து அறிமுகம் ஆகியிருக்கும் போல. வரப்போகும் ஆபத்து ஒன்று நடந்து முடிந்த கதையாகிவிட்டது. சின்னச் சொல்தான், ஆனால் வாக்கியத்தின் காலத்தையே நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதிலிருந்துதான் இந்தச் சொல்லைக் கண்டால் நின்று பார்க்கும் வழக்கம் எனக்கு வந்தது.

காலத்தைக் குறிக்கும் சொல் ஒரு பாணியின் பெயரானது எப்படி?

1950களில் அந்த நாற்காலிகளைச் செய்தவர்களும் வாங்கியவர்களும் அவற்றைப் பெரும்பாலும் "மாடர்ன்" என்றே சொன்னார்கள். தன் காலத்து நாற்காலிக்குக் காலப்பெயர் வைக்க யாருக்கும் அவசியம் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, அவை பழைய பொருள்களாகி மறுபடி தேடப்பட்டபோதுதான் தனிப்பெயர் தேவைப்பட்டது. 1984இல் அமெரிக்க எழுத்தாளர் காரா கிரீன்பெர்க், 1950களின் மரச்சாமான்களைப் பற்றிய தன் நூலுக்கு "மிட்-செஞ்சுரி மாடர்ன்" என்று தலைப்பு வைத்தார். அந்தத் தொடர் அங்கிருந்துதான் பரவலாக நிலைத்தது. பிறகு பேச்சில் "மாடர்ன்" உதிர்ந்துபோய் "மிட்-செஞ்சுரி" மட்டும் நின்றது.

உதிர்ந்துபோன அந்தச் சொல்தான் முக்கியமானது என்பது என் கருத்து. "மாடர்ன்" பாணியைச் சொல்கிறது. "மிட்-செஞ்சுரி" காலத்தை மட்டுமே சொல்கிறது. பாணியைச் சொல்லும் பாதியை விட்டுவிட்டு மற்ற பாதியால் பாணியைச் சொல்லப் பார்க்கிறோம். பெரும்பாலான குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

ஓர் உதாரணம். நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பை 1947 முதல் கட்டினார்கள், 17,000க்கு மேற்பட்ட வீடுகள். காலத்தால் அவை அசல் மிட்-செஞ்சுரி. ஆனால் முதலில் எழுந்த வீடுகள் சரிவுக் கூரையோடு, பழைய அமெரிக்கக் கிராம வீட்டின் சாயலில் இருந்தன. அவற்றை மிட்-செஞ்சுரி மாடர்ன் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஆண்டுகளில் சாதாரண மக்கள் வாழ்ந்த வீடுகளில் மிகப் பல இப்படித்தான் இருந்தன.

சரி, அந்தப் பாணியை எதை வைத்து அடையாளம் காண்பது?

தரையிலிருந்து உயர்த்திய மெல்லிய கால்கள், அவை கீழே போகப்போகக் குறுகி வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பது, தாழ்வான உட்காருமிடம், செதுக்கு வேலையோ குஞ்சமோ இல்லாத மேற்பரப்பு, உடம்பின் வளைவைப் பின்பற்றும் ஓடு போன்ற வடிவங்கள். கட்டடம் என்றால் தட்டையான அல்லது மெல்லச் சரியும் கூரை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளே சுவர்கள் குறைவு. இதைப் படம் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஏன் அப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு படமே தேவைப்படாது.

போர்தான் காரணம், அதாவது போர்க்காலத் தொழில்நுட்பம். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியர் பிளைவுட்டை இரண்டு திசையிலும் வளைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படைக்காக, காயம்பட்ட காலை அசையாமல் தாங்கும் பிளைவுட் தாங்கியைச் செய்தார்கள். சுமார் 1,50,000 தாங்கிகள் தயாராயின. காலின் வளைவுக்கு ஏற்பப் பலகையை வளைக்கக் கற்ற கை, போர் முடிந்ததும் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்தது. 1946இல் சந்தைக்கு வந்த அவர்களுடைய பிளைவுட் நாற்காலி பிறந்த கதை இது. ரேடார் மூடிகளுக்குப் பயன்பட்ட ஃபைபர்கிளாஸும் அதே வழியில் வந்தது. 1950இல் ஒரே வார்ப்பாக ஃபைபர்கிளாஸ் இருக்கை தயாரானது. அதற்கு மேலே மெத்தை தேவையில்லை, பூச்சும் தேவையில்லை.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரோ சாரினென், மேசைக்கும் நாற்காலிகளுக்கும் கீழே தெரியும் கால்களின் காடு கண்ணை உறுத்துகிறது என்று எண்ணினார். அவருடைய டியூலிப் நாற்காலி 1957இல் ஒற்றைத் தண்டின்மேல் நின்றது. ஒரே பொருளால் செய்யவே அவர் விரும்பினார், ஆனால் அன்றைய பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு பலம் இல்லை. மேலே ஃபைபர்கிளாஸ், கீழே அலுமினியம், இரண்டுக்கும் ஒரே வண்ணம் பூசி ஒன்றாகத் தெரியும்படி செய்தார்கள். ஆக, மெல்லிய கால்கள் மட்டுமே இந்தப் பாணி என்று நினைத்துவிடக் கூடாது.

இது அமெரிக்கப் பாணியா?

பெயர் அமெரிக்காவில் ஊன்றியது, பொருள் பல நாடுகளில் விளைந்தது. டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலி 1950 முதல் இன்றுவரை இடைவிடாமல் தயாரிக்கப்படுகிறது. அதன் இருக்கையைப் பின்னச் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு வேண்டும். அதே ஆண்டில் அவர் செய்த வட்ட நாற்காலியில்தான் 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்துக்கு உட்கார்ந்தார்கள். ஆர்னே யாக்கோப்சனின் முட்டை வடிவ நாற்காலி 1958இல் கோபன்ஹேகனின் ஒரு விடுதிக்காகவே பிறந்தது.

இத்தாலியில் ஜியோ போன்டி 1957இல் 1.7 கிலோ மட்டுமே எடையுள்ள மர நாற்காலியைக் கொண்டுவந்தார், ஒரு விரலால் தூக்கலாம். ஜப்பானில் சோரி யனாகி 1954இல் இரண்டு வளைந்த பிளைவுட் துண்டுகளைச் சேர்த்து வண்ணத்துப்பூச்சி போன்ற முக்காலி செய்தார். பிரேசிலில் லினா போ பார்டி 1951இல் தன் கண்ணாடி வீட்டைக் கட்டி முடித்தார். அந்த நாட்டின் புதிய தலைநகரமான பிரசீலியாவே 1960இல் திறக்கப்பட்டது. சண்டிகரின் அலுவலகங்களுக்காகப் பியர் ஜெனரேயும் அவருடன் வேலை செய்தவர்களும் வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் ஒரு காலத்தில் உடைசலாகக் குவிந்து கிடந்தன. இன்று அவை வெளிநாட்டு ஏலக்கூடங்களில் விலை போகின்றன.

பார்சிலோனா நாற்காலி மிட்-செஞ்சுரிதானே?

இல்லை. மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைஷும் அதை 1929இல் செய்தார்கள். மார்செல் பிராயரின் வளைந்த எஃகுக் குழாய் நாற்காலி அதற்கும் முன்பு, 1925-26. 1950களின் வீட்டுப் படங்களில் இவை நிறைய வருவதால் அந்தக் காலத்தவை என்று தோன்றுகிறது. இந்தப் பாணிக்கு முன்னோர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ரெட்ரோ, விண்டேஜ், ஆன்டிக் எல்லாம் ஒன்றா?

ஒன்றல்ல. ரெட்ரோ என்பது பழைய காலத்தைப் பார்த்து இன்று செய்தது. விண்டேஜ் என்பது அந்தக் காலத்திலேயே செய்தது. ஆன்டிக் என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சுங்கத் துறை வைத்திருக்கும் அளவு நூறு ஆண்டு. அந்த அளவின்படி 1950இல் செய்த மேசை 2050இல்தான் ஆன்டிக் ஆகும். ஒரு மிட்-செஞ்சுரியில் பிறந்த பொருள் அடுத்த மிட்-செஞ்சுரியில் தொல்பொருள் ஆகிறது! "கன்டெம்பரரி" என்பது இன்றைய காலத்துக்குரியது என்று பொருள்படும். ஆனால் 1950களின் விளம்பரங்களிலும் அந்தச் சொல் உண்டு, அங்கே அது அன்றைய "இன்றை"க் குறிக்கும்.

எளியவர்களுக்காகச் செய்த பாணி என்கிறார்கள், உண்மையா?

நோக்கம் உண்மைதான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1948இல் மலிவு விலை மரச்சாமான் வடிவமைப்புக்கென்றே சர்வதேசப் போட்டி நடத்தியது. ஓடு போல வளைந்த ஈம்ஸ் நாற்காலி, மேலே சொன்ன 1950இன் ஃபைபர்கிளாஸ் இருக்கை, அந்தப் போட்டிக்காக உருவான யோசனை. கலிபோர்னியாவில் ஓர் இதழ் 1945இல் தொடங்கிய "கேஸ் ஸ்டடி" வீட்டுத் திட்டமும் குறைந்த செலவில் நல்ல வீடு கட்டிக் காட்டத்தான். அதில் எட்டாவது எண் வீடு, 1949இல் ஈம்ஸ் தம்பதியர் தங்களுக்கே கட்டிக்கொண்டது, தொழிற்சாலைப் பட்டியலிலிருந்து வாங்கக்கூடிய எஃகுச் சட்டங்களாலும் சன்னல்களாலும் ஆனது.

ஆனால் யாருக்கு அந்த வீடு கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். மேலே சொன்ன லெவிட்டவுனில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் சுமார் 11,000 நவீன பாணி வீடுகளைக் கட்டி, இனம் பார்க்காமல் விற்றார். இரண்டும் மிட்-செஞ்சுரிதான். இந்தச் சொல்லை வெறும் அழகின் பெயராக்கினால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது. அது எனக்கு வருத்தம்.

பெயர் விடுபட்ட பெண்களும் அப்படித்தான். ரே ஈம்ஸின் பங்கு பல பத்தாண்டுகள் கணவர் பெயருக்குப் பின்னால் நின்றது. ரே ஆண் என்றும், சார்ல்ஸின் சகோதரர் என்றும் எண்ணியவர்கள் உண்டு. லில்லி ரைஷின் கதையும் வேறில்லை. இந்தப் பொருள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு பெயரையும் எழுதினால் போதும், பெரிய முயற்சி ஒன்றும் வேண்டாம்.

புதிதாகச் செய்த பொருளை மிட்-செஞ்சுரி என்று விற்பது சரியா?

"மிட்-செஞ்சுரி பாணி" என்றால் சரி. வெறுமனே "மிட்-செஞ்சுரி" என்றால், அது அந்தக் காலத்தில் செய்தது என்று வாங்குபவர் எடுத்துக்கொள்வார். எனவே கேட்டு வாங்குங்கள்: எந்த ஆண்டு செய்தது, யார் செய்தது, யார் வடிவமைத்தது? மூன்றும் வேறு வேறு கேள்விகள். 1956இல் வடிவமைத்த ஈம்ஸ் சாய்வு நாற்காலி, உரிமை பெற்ற நிறுவனத்திடம் போன மாதம் தயாராகியிருக்கலாம். அது அசல் வடிவமைப்பு, ஆனால் பழைய பொருள் அல்ல.

உரிமை பெறாத நகல் வேறு விஷயம். அதன் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரித்த கலைப்படைப்புகளுக்கு 25 ஆண்டுகள்தான் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருந்தது. 2016இல் அதை, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை என்று நீட்டினார்கள். அதுவரை தாராளமாக விற்ற பல நகல்களுக்கு அங்கே சிக்கல் வந்தது.

அசல் பழைய பொருள் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் சீட்டு, சுட்ட முத்திரை, நாட்டின் பெயர் எல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அங்கே மரத்தின் நிறமும் மங்காமல் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக, திருகாணிகள் பளபளப்பாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும் வயதுக்கு வந்திருக்கும், மாற்றும் செலவைச் சேர்த்தே கணக்குப் பாருங்கள். ஈம்ஸ் சாய்வு நாற்காலியில் முதுகுப் பலகையைப் பிடித்திருக்கும் ரப்பர்த் துண்டுகள் நாளடைவில் இறுகிப் பிய்ந்துவிடும். சாய்ந்தபடியே பலகை கழன்று விழலாம், எனவே உட்காரும் முன் அதைச் சோதியுங்கள். தேய்ந்த ஃபைபர்கிளாஸ் இருக்கையில் இழைகள் வெளியே வந்து தோலைக் குத்தும்.

பூச்சுள்ள பொருளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முன் நிறுத்துங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகக் கெடுதல். சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் மரம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தால் செய்த பொருளை, அது எவ்வளவு பழையதானாலும், அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டி அனுப்பினால் சுங்கத்தில் பறிபோகலாம். இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

மிட்-செஞ்சுரி மாடர்னைச் சுருக்கி எம்.சி.எம். என்று எழுதலாமா?

மரச்சாமான் ஆர்வலர்களுக்குள் புரியும். பொது வாசகருக்கு வேண்டாம், அதே மூன்றெழுத்தில் தோல்பை விற்கும் நிறுவனமும் இருக்கிறது.

தமிழில் எப்படி எழுதுவது?

காலத்தைச் சொல்லும்போது தமிழிலேயே சொல்லிவிடலாம்: "இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்". இன்னும் நல்லது "1950களில்". எதிர்காலம் என்றால் "2050வாக்கில்", அல்லது "இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்". "இந்த" என்ற ஒரு சொல் சேர்ந்தாலே மேலே சொன்ன கடல்மட்டத் தவறு நேர்ந்திருக்காது. "நூற்றாண்டின் மத்தி" என்று மட்டும் எழுதினால் ஆங்கிலத்தில் இருக்கும் அதே மயக்கம் தமிழுக்கும் வந்துவிடும்.

பாணியைச் சொல்லும்போது "நடுநூற்றாண்டு நவீனம்" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கும், விட்டுப்போன "மாடர்ன்" அதில் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் வாசகருக்குப் பழகாத தொடர் என்பதால் முதல்முறை வரும்போது "1950களின் மிட்-செஞ்சுரி மாடர்ன் பாணி" என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்த் தொடரைத் தொடரலாம். ஆண்டும் பாணி என்ற சொல்லும் ஒருமுறை கூடவே வந்துவிட்டால், அதன்பின் எந்த வடிவத்தை எழுதினாலும் வாசகர் தடுமாற மாட்டார்.